முழங்கையில் ஒரு கிழிசல்

என் சித்தி எட்டு வருடம் இடது கை மட்டும் தைத்தாள். சட்டையின் இடது கை. ஏற்றுமதிக்குத் தைக்கும் தொழிற்சாலை அது. அங்கே முழுச் சட்டையை யாரும் தைப்பதில்லை. வரிசையாக உட்கார்ந்திருக்கும் அறுபது பேரில் ஒருத்திக்குக் காலர், ஒருத்திக்குப் பை, ஒருத்திக்குப் பட்டன் துளை. சித்திக்கு இடது கை. வலது கை தைத்தவள் எதிர் வரிசையில் இருந்தாளாம். "எட்டு வருஷம் ஒரே சட்டைக்கு வேலை பார்த்தோம். அவ பேரு என்னன்னு கேக்க நேரம் கிடைக்கல" என்பாள் சித்தி. கேட்பவர் சிரித்த பிறகுதான் அவள் சிரிப்பாள்.

தொழிற்சாலையை மூடிய பிறகு, ஒரு கடை வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து, 'ஆல்டரேஷன் செய்யப்படும்' என்று பலகை மாட்டினாள். அதற்குப் பதினான்கு வருடம் ஆகிறது. பேண்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிடித்ததைப் பிரிப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசலை அடைப்பது. யாரோ வெட்டி யாரோ தைத்ததைச் சரிசெய்கிற வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. அவள் அடைத்த கிழிசலைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். யாராவது பாராட்டினால், "வேலை நடந்ததே தெரியக் கூடாது. நான் தைச்சேன்னு தெரிஞ்சா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு படத்தில் வேலை பார்த்தாள். அவளை அதில் இழுத்துவிட்டது நான். படம் முடியவில்லை. இனி முடியவும் முடியாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கி ஒன்றரை வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவன் ஒருவன் பொம்மைகளை வைத்துக் குறும்படம் எடுக்கப்போவதாகச் சொன்னான். பகலில் கைபேசிக் கடையில் வேலை பார்த்தவன். நாங்கள் அவனை டைரக்டர் என்றே கூப்பிட்டோம். முதலில் கிண்டலாக, பிறகு பழக்கத்தில். பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடையில் இருந்த இன்னொருவனிடம் சொந்தமாகக் கேமரா இருந்தது. அவன் பெயர் ஸ்டுடியோ. எனக்குத் தெரிந்த கலை எதுவும் இல்லை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், எடுக்கும் ஒவ்வொரு புகைப்படத்தையும் நோட்டில் குறித்துவைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அதனால் நான் ரெஜிஸ்டர்.

பொம்மைப் படம் எடுப்பது இப்படி. பொம்மையின் கையை ஒரு நெல்மணி அளவு நகர்த்த வேண்டும். ஒரு புகைப்படம். மறுபடி ஒரு நெல்மணி. மறுபடி ஒரு புகைப்படம். பன்னிரண்டு படங்கள் சேர்ந்தால் திரையில் ஒரு நொடி. ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஐந்தாறு நொடி தேறும். தண்ணீர் பம்பு பழுதுபார்க்கும் பட்டறைக்கு மேலே இருந்த அறையில்தான் எடுத்தோம். வாரநாட்களில் கீழே கடைசல் எந்திரம் ஓடினால் எங்கள் மேஜை நடுங்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி, இரண்டு விளக்குகளை ஆணியடித்ததுபோல் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தோம். வாரநாட்களில் அசையாமலிருக்கப் பொம்மையின் பாதங்களை மேஜையோடு திருகி இறுக்கிவைப்போம்.

கதை சின்னது. ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எழுந்து நடந்துபோய்த் திறக்கிறார். வெளியே ஒரு சிறுமி நிற்கிறாள். அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து கதவு வரை அவர் நடப்பதை எங்குமே வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காட்ட வேண்டும் என்பது டைரக்டரின் பிடிவாதம். எழுபது நொடி. எண்ணூற்று நாற்பது படங்கள்.

கிழவருக்கு டைரக்டரே ஒரு கோட்டு செய்திருந்தான். ஸ்டுடியோ அதைப் பார்த்துவிட்டு, "கிழவன் அரிசி மூட்டைக்குள்ள தவறி விழுந்த மாதிரி இருக்கான்டா" என்றான். அப்போதுதான் நான் சித்தியைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் மூன்று பேரும் பொம்மையை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோனோம்.

சித்தி பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"யாரு தைச்சது?"

"நான்தான்க்கா" என்றான் டைரக்டர்.

"தைச்சீங்களா, ஒட்டினீங்களா?"

"ஒட்டினேன்."

"அதான் பாவம், மூச்சு முட்டுது அவருக்கு."

பொம்மையை 'அவர்' என்று சொன்ன முதல் ஆள் சித்திதான். அளவு நாடாவை எடுத்தாள். ஒன்பது அங்குல ஆளுக்கு மார்பு நாலரை. தோள், முதுகு, கை நீளம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். குனிவாரா? கையைத் தூக்குவாரா? எது வரைக்கும் தூக்குவார்? எந்தக் கைப்பழக்கம்? உட்காரும்போது கோட்டின் பின்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொள்வாரா, அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவாரா? டைரக்டர் ஒரு வருடமாக அந்தக் கதையோடு வாழ்ந்தவன். ஒவ்வொரு கேள்விக்கும் பொம்மையைத்தான் திரும்பிப் பார்த்தான்.

"இந்த வயசுல எல்லாப் பட்டனையும் போட மாட்டாரு தம்பி. மேல ஒண்ணைப் போட்டுட்டு, போதும்னு விட்டுருவாரு" என்றாள் சித்தி.

டைரக்டர் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அன்று திரும்பி நடக்கும்போது, "நாம மூணு பேரும் அந்த ஆளைப் பொம்மையாவே பார்த்துட்டிருந்தோம்" என்றான்.

துணி கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கோட்டுத் துணியின் இழை, சின்ன உடம்பில் கயிறு போலத் தெரிந்தது. உள்துணி பளபளத்தது. ஏழு கோட்டு தைத்துப் பிரித்தாள். கடைசியில் சித்தப்பாவின் துவைத்துத் துவைத்து நைந்த கைக்குட்டையை டீத்தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் ஏற்றினாள். சித்தப்பா பார்சல் வண்டி ஓட்டுபவர். எங்கள் வீட்டுக்கு வந்து முறையிட்டார்.

"கேட்டுக்கோங்க. என் கைக்குட்டையும் போச்சு, டீயும் போச்சு. என் சட்டையில ஒரு பட்டன் போன மாசத்துலேருந்து இல்ல. அது கண்ணுக்குத் தெரியல. அந்தக் கிழவனுக்கு மட்டும் மூணு பட்டன்."

"அவரு சொன்ன இடத்துல அசையாம நிக்கிறாரு. நீங்க நிப்பீங்களா?" என்றாள் சித்தி.

அந்த எட்டாவது கோட்டு நிஜமாகவே கோட்டாக இருந்தது. காலர் மடிந்த விதம், பையின் வாய் சற்றுத் தொங்கிய விதம், கறுப்பு நூலை முடிச்சிட்டுச் செய்த கடுகளவுப் பட்டன்கள். கம்பி உடம்பை நாங்கள் பிடித்து அசைப்பதற்காக முதுகில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். ஸ்டுடியோ அதைக் கேமராவில் நெருக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு முன்னாடி என் லைட்டிங் அசிங்கமா இருக்கு" என்று சொல்லி விளக்கை மாற்றப் போனான். அவன் மாற்றியதைப் பார்த்து டைரக்டர் சுவரின் நிறத்தை மாற்றினான். இப்படி ஒருவர் கை இன்னொருவர் கையை இழுத்துக்கொண்டே போன மூன்று வாரங்கள் அவை. நான் ஒரு மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் இருந்ததில்லை.

"கடைசியில பேரெல்லாம் போடுவீங்கல்ல?" என்று ஒருநாள் சித்தி கேட்டாள். எதிலோ கவனமாக இருப்பதுபோல் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"'உடைகள்'னு போட்டு, உங்க பேரு மட்டும் தனியா வரும்க்கா" என்றான் டைரக்டர்.

"தனியாவா?"

"தனியாத்தான். பக்கத்துல யாரும் கிடையாது."

அன்று எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். "பதினாலு வருஷமா அடுத்தவங்க தைச்சதைத்தான்க்கா பிரிச்சுட்டிருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு கை. இது ஒண்ணுதான் முதல் வெட்டுலேருந்து கடைசி முடிச்சு வரைக்கும் நானே தைச்சு, நாலு பேரு பார்க்கப்போறது."

"எனக்கும் இவளுக்கும் எத்தனை தைச்சுக் கொடுத்திருக்கே?" என்றாள் அம்மா, என்னைக் காட்டி.

"வீட்டுக்குத் தைக்கிறதெல்லாம் கணக்குல வராது. இது திரையில வரும்க்கா. அந்தக் கோட்டு அங்க ஆள் உயரத்துக்கு நிக்கும்."

குறும்படப் போட்டிக்கு அனுப்ப ஐந்து மாதம் இருந்தது. நடையை எடுக்க ஆரம்பித்தோம். ஆரம்பத்தில் சித்தி ஞாயிறு மதியங்களில் வந்து ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பாள். பிறகு பள்ளிக்கூடங்கள் திறக்கும் காலம் வந்தது. பெற்றோர்கள் இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் பெரிதாக வாங்கிய சீருடைகள் மூட்டை மூட்டையாக அவள் கடைக்கு வந்தன. ஏழெட்டு வாரம் அவளால் எட்டிப் பார்க்க முடியவில்லை.

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கிழவரின் வலது கையைப் பிடித்து நகர்த்தியதில், இருநூறாவது படத்தின் அருகே கோட்டின் முழங்கையில் ஒரு இழை விட்டது. முந்நூறில் சின்னப் பிசிர். ஐந்நூறில், உள்ளே கம்பியைச் சுற்றியிருந்த வெள்ளைப் பஞ்சு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. எங்கள் விரல் பட்டுப்பட்டுக் கைப்பகுதியெல்லாம் ஒருவித மழுங்கலும் ஏறியிருந்தது. நான் பயந்துபோய் டைரக்டரிடம் காட்டினேன். அவன் எல்லாப் படங்களையும் வேகமாக ஓடவிட்டுப் பார்த்தான்.

"தொடாதே. நடக்க நடக்கத் தேயறாரு பாரு. இதை நாம யோசிச்சிருந்தாக்கூடச் செஞ்சிருக்க முடியாது. கதவுகிட்டப் போறப்ப அந்த முழங்கை முழுசாத் தெரியணும்."

அதை நோட்டில் எழுதினேன். 'வலது முழங்கை: கிழிசல் வளர்கிறது. விட்டுவிடவும்.' சித்தியிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோட்டு அவளுடையது என்பது அந்த நேரத்தில் எங்கள் யார் நினைவிலும் இல்லை.

அறுநூற்றுப் பதினொன்று வரைக்கும் வந்தோம். அடுத்த வாரத்தில் ஒரு புதன்கிழமை சித்தி சாவி கேட்டாள். கதவுக்கு வெளியே நிற்கும் சிறுமிப் பொம்மைக்குக் கவுன் தைத்து முடித்துவிட்டாள், போட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அன்று நேர்காணல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சாவியை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினேன். மேஜையில் இருப்பதைத் தொடாதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியது இல்லை என்று நினைத்தேன். அறைக் கதவிலும், மேஜைக்கு மேலே சுவரிலும் பெரிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. காட்சி நடந்துகொண்டிருக்கிறது, எதையும் தொடாதீர்கள், எதையும் சரிசெய்யாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. எழுதியது நான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

ஏன் ஆங்கிலத்தில் எழுதினேன் என்று என்னையே பல முறை கேட்டிருக்கிறேன். அந்த அறைக்குள் வருகிறவர்கள் நாலே பேர். நாலு பேருக்கும் தமிழ் தெரியும். சித்தி எட்டாவது வரை படித்தவள், தமிழ்ப் பேப்பரை எழுத்துவிடாமல் வாசிப்பாள். ஆங்கிலத்தில் எழுதியபோது அந்த அறை நிஜமான படப்பிடிப்புத் தளம் போல் ஆகிவிட்டதாக எனக்குத் தோன்றியது. வேறு காரணம் எதுவும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது சித்தியின் முகத்தில் ஒரு வேலையை முடித்த களை இருந்தது.

"உங்க மூணு பேருக்கும் கண்ணு எங்க இருக்கு? அவரு முழங்கை கிழிஞ்சு தொங்குது. அப்படியே வெச்சுப் படம் எடுக்கறீங்க. பார்க்கிறவங்க என்னைத்தானே சொல்லுவாங்க, தைச்சவளுக்குத் தைக்கத் தெரியலன்னு?"

"என்ன செஞ்சே சித்தி?"

"அடைச்சுட்டேன். இழை இழையா எடுத்து அடைச்சேன். ரெண்டு மணி நேரம். எங்க கிழிஞ்சதுன்னு இப்ப நீ காட்டு பார்ப்போம்! கோட்டைக் கழட்டினதால ஈரத்துணி போட்டு ஒரு இஸ்திரியும் போட்டுட்டேன். பயப்படாதே, அவரை அசைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். கை மேஜையிலேருந்து எவ்வளவு உயரம், விரல் எந்தப் பக்கம்னு எல்லாம் அளந்து எழுதிவெச்சுட்டு, அதே மாதிரி நிறுத்திட்டேன்."

அளவு எழுதிய சீட்டையும் காட்டினாள். முழங்கை மூன்றே முக்கால். மணிக்கட்டு மூன்றேகால். கட்டை விரல் கதவைப் பார்த்து.

நான், "சரி சித்தி" என்றேன். புதனிலிருந்து ஞாயிறு வரை யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை தெரியாமல் போய்விடும் என்று நம்பினேன். அவள் அடைத்தால்தான் தெரியாதே என்று ஒரு முட்டாள்தனமான கணக்கு என் மனதில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ அறுநூற்றுப் பன்னிரண்டாவது படத்தை எடுத்தான். முந்தைய படத்தோடு மாற்றி மாற்றிப் பார்த்தான். கிழவர் நின்ற இடத்திலேயே நின்றார். கோட்டு மட்டும் கண் சிமிட்டியது. ஒரு படத்தில் ஐம்பது நொடி நடந்து தேய்ந்த கோட்டு, அடுத்ததில் கடையிலிருந்து அப்போதுதான் வந்த கோட்டு.

டைரக்டர் பொம்மையின் அருகே போய்க் குனிந்து பார்த்தான்.

"யாரு?"

"சித்தி" என்றேன். சாவி கொடுத்தது நான் என்று சொல்லவில்லை.

"இவ்வளவு பெருசா எழுதி ஒட்டியிருக்கே!"

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கை இடம் பாருடா. ஒரு நூல்கூட நகரல. எப்படித்தான் வெச்சாங்களோ" என்றான் ஸ்டுடியோ. பிறகு, "நடுவுல ஒரு வெட்டு வெச்சுடலாம். கதவுக் கைப்பிடியை ஒரு தடவை காட்டிட்டுத் திரும்பி வந்தா யாருக்கும் தெரியாது" என்றான்.

"வெட்டினா வேற படம்."

"வேற படமா இருந்துட்டுப் போகட்டும். படம்னு ஒண்ணு இருக்கும்ல?"

"நீ போய் வேற படம் எடு. பாஸ்போர்ட் படம் எடு."

ஸ்டுடியோ லென்ஸ் மூடியைப் போட்டான். அவர்கள் இருவரும் அதற்கு முன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் சித்தியை அழைத்து வரச் சொன்னார்கள். வந்தாள். டைரக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். படங்களை வரிசையாக ஓடவிட்டுக் காட்டினான். கிழிசல் பிறந்து வளர்வதை அவள் அப்போதுதான் பார்த்தாள். ஐம்பதாவது நொடியில் அது சட்டென்று மறைந்தது. அந்த இடத்தில் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"தாள்ல எழுதியிருந்தோமேக்கா. பார்க்கலையா?"

சித்தி சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பார்த்தேன் தம்பி. தப்பு என்னுதுதான்."

பிறகு, "நான்தானே அடைச்சேன். நானே பிரிக்கறேன்" என்றாள்.

அறுநூற்றுப் பதினொன்றாவது படத்தில் முழங்கையை மட்டும் பெரிதாக்கி நாலு பிரதி எடுத்து, மேஜை விளக்கைச் சுற்றி ஒட்டிக்கொண்டாள். தைத்ததைப் பிரித்தாள். கிழிசல் வந்தது. ஆனால் வேறு கிழிசல். ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரிந்தன. பிசிர்கள் பழைய திசையில் சாயவில்லை. தண்ணீர் தொட்டு வளைத்தாள். தீப்பெட்டியின் பக்கத்தில் தேய்த்தாள். விரலில் எண்ணெய் தொட்டு மழுங்கல் ஏற்றப் பார்த்தாள், கறையாகப் படிந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்டுடியோ ஒரு படம் எடுப்பான். முந்தையதோடு மாற்றிக் காட்டுவான். கோட்டு கண் சிமிட்டும். கைக்குட்டையின் மிச்சத்தில் புதிதாக ஒரு கோட்டு தைத்து, நாங்கள் பிடிப்பதுபோலவே கையைப் பிடித்துப் பிடித்து ஒரு வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து தேய்த்தாள். அது தோள்பட்டையில் கிழிந்தது.

"எப்பேர்ப்பட்டதையும் புதுசாக்கித் தந்திருக்கேன். பழசாக்கத் தெரியலையேடீ" என்றாள் என்னிடம். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

இப்படி மூன்று ஞாயிறு போயின. நாலாவது ஞாயிறு ஸ்டுடியோ வரவில்லை. முதலிலிருந்து எடுக்கலாம் என்று டைரக்டர் சொன்னபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு விரட்டினாலும் போட்டித் தேதிக்கு முன்னால் முடியாது. அடுத்த மாதம் ஸ்டுடியோவுக்கு வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் பயணிகளைப் படமெடுக்கும் வேலை கிடைத்தது. நேர்காணலில் எங்கள் ஐம்பது நொடியைத்தான் காட்டினானாம். கேமராவும் அவனோடு போனது. பட்டறைக்காரருக்கு அறை தேவைப்பட்டது. நாங்கள் மேஜையைப் பிரித்துக் கீழே இறக்கினோம். படம் நின்றுவிட்டது என்று டைரக்டர் ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை. 'கொஞ்ச நாள் போகட்டும்' என்றான். எல்லோரும் தலையாட்டினோம்.

சித்தியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. ஒரு மத்தியானம் அவள் கடைக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, "அந்தத் தாளை இங்கிலீஷ்ல எழுதினது நான்தான் சித்தி" என்றேன்.

"தெரியும். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"படிக்கத் தெரியலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? அந்தப் பசங்க முன்னாடி உனக்குத்தானே தலைகுனிவு. கரண்டு பத்தி ஏதோ எழுதியிருக்கும்னு நினைச்சேன். அதனால சுவிட்ச்சை மட்டும் தொடல." பேண்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு மடித்தாள். "தமிழ்ல எழுதியிருந்தா மட்டும் விட்டிருப்பேனா என்ன? கிழிஞ்சதைப் பார்த்துட்டு என்னால வீட்டுக்குப் போக முடியாதுடீ."

அவள் இதை எனக்காகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வேறு ஒன்று செய்யலாம், இந்த முறை நானே கதை எழுதுகிறேன் என்றேன். ஊசி ஓடுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. நீங்கல்லாம் நல்லா இருப்பீங்க. என்னை விட்டுடு. என் கை சும்மா இருக்காது."

"சித்தி, அது உன் தப்பு இல்ல."

"தப்புன்னு யாரு சொன்னது? வேணாம்னுதான் சொல்றேன்."

அதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். அவர் பேண்டின் நீளத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நெடுநேரம் விளக்கினார். சித்தி பொறுமையாகக் கேட்டுக் குண்டூசி குத்தினாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் டைரக்டர் கூப்பிட்டான். புதுப் படம். இந்த முறை காகிதத்தை வெட்டிய உருவங்கள். கேமராவுக்கு வேறு ஆள் கிடைத்திருக்கிறான், இடமும் கிடைத்திருக்கிறது. "ரெஜிஸ்டர் நீதான்" என்றான். பிறகு, "துணி வேலையே கிடையாது" என்றான். நல்ல செய்தி சொல்லும் குரலில்தான் சொன்னான். நான் சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது யாரோ காத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த சமாதானம் சித்திக்கும் பொருந்தும் என்பதைத் தெரிந்துகொண்டேதான் சொல்லிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு காலையில் நான் கிளம்பும்போது சித்தி எங்கள் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். என் பையில் புது நோட்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்கடீ காலங்காத்தால?" என்றாள் அம்மா.

"இன்டர்வியூம்மா."

"ஞாயித்துக்கிழமையில எவன் இன்டர்வியூ வைக்கிறான்?"

சித்தி நோட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "இப்பல்லாம் ஞாயித்துக்கிழமையிலயும் வைக்கிறாங்கக்கா" என்றாள்.